பழைய கேமிங் கணினியில் முதலில் எதை மாற்றுவது?

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டின் முன்னறை. மேசை மேல் பக்கத் தகடு கழற்றப்பட்ட கணினி.]

வணக்கம். இந்தக் கணினி என் அண்ணன் மகனுடையது. 2017-ஆம் ஆண்டு ஈப்போவில் வாங்கினோம். ரைசன் 5 1600 ப்ராசசர், பி350 மதர்போர்டு, 8 ஜிகாபைட் ரேம் ஸ்டிக் ஒன்று, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், பெயர் தெரியாத ஒரு பவர் சப்ளை ஆகியவை இதில் இருக்கின்றன. கேம் அடிக்கடி தடுமாறித் திடீரென்று உறைந்துவிடுவதால், பள்ளி விடுமுறையில் கடையில் வேலை செய்து சேர்த்த 1,200 ரிங்கிட்டை எடுத்துக்கொண்டு வந்து, “சித்தப்பா, புதுக் கார்டு ஒன்று வாங்கிவிடலாமா?” என்று கேட்டான். கேம் தடுமாறினால் கிராபிக்ஸ் கார்டுதான் காரணம் என்று நினைப்பது இயல்பு. ஆனால், கணினிக்குள் எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்க வைக்கிறது என்று பார்க்காமல் கார்டை வாங்கினால், அந்தப் புதிய கார்டும் வரிசையில் நின்று காத்திருக்கத்தான் செய்யும்.

[காட்சி: ப்ராசசர் விசிறியின் அடியில் அடர்ந்திருக்கும் தூசு, நெருக்கத்தில்.]

பணம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது துப்புரவு. செம்மண் பாதையோரம் இருக்கும் வீடுகளில் தூசு எப்படிச் சேரும் என்பது உங்களுக்கே தெரியும். இங்கே ப்ராசசரின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே அது கம்பளிபோல் படிந்து காற்றை அடைத்திருந்தது. எட்டு ஆண்டுகளில், ப்ராசசரின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. இப்படிச் சூடேறும் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசை ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தூசை நீக்கிப் புது பேஸ்ட் தடவியதும், கேம் ஓடும்போது 91 பாகையில் நின்ற வெப்பம் 73-க்கு இறங்கியது.

[காட்சி: டாஸ்க் மேனேஜர் திரை. ரேம் 7.6 ஜிகாபைட், டிஸ்க் 100 விழுக்காடு.]

அடுத்தது சோதனை. கேமைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எந்தப் பாகம் எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். ரேம் நிரம்பி வழிந்தது. டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்றது. இந்த இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள். ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் வைத்து எடுக்கிறது. ஹார்ட் டிஸ்க்கிலோ, படிக்கும் கை ஒவ்வொரு இடத்திற்கும் நகர்ந்து சென்றுதான் தகவலைத் தேட வேண்டும். ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆவதால், சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒரு நொடிக்கு நூறு முறை எடுத்தாலே பெரிது. சிப்களில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை என்பதால் அது பல்லாயிரம் முறை எடுத்துவிடும். அவன் மாதக்கணக்கில் கார்டின் மீது பழி போட்டுக்கொண்டிருந்த அந்தத் திடீர் உறைதல் இங்கிருந்துதான் வந்தது.

ஆகவே முதல் செலவு, இன்னொரு 8 ஜிகாபைட் ரேம் ஸ்டிக்கும், ஹார்ட் டிஸ்க்கைப் போலவே கம்பியில் இணையும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும். 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டதால், இருக்கும் ஸ்டிக்கின் வேகத்துக்கு இணையான பழைய ஸ்டிக்கைத் தேடி வாங்கினோம். ரேமுக்கு நான்கு துளைகள் உள்ள மதர்போர்டில், ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகினால்தான் இரண்டும் இணையாக வேலை செய்யும். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைத் திறக்காவிட்டால், 3000 என்று அச்சிட்ட ரேம்கூட அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். ரைசன் ப்ராசசரின் உள்ளிணைப்பு வேகம் ரேமின் வேகத்தோடு கட்டுண்டிருப்பதால், காசில்லாத இந்த ஒரு வேலையை விட்டுவிடாதீர்கள்.

எஸ்எஸ்டி போட்டதால் ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது ஒரு நொடியில் திரையில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கை, கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேம் திறக்கும் நேரம் குறையும், உறைதல் தீரும். அதுவே அதன் வேலை.

[காட்சி: ஒரே கேம், இரண்டு திரை அளவுகளில், மூலையில் ஃப்ரேம் எண்.]

இனி, ப்ராசசரா கிராபிக்ஸ் கார்டா என்னும் கேள்வி. திரை அளவை 1920-க்கு 1080-இலிருந்து 1280-க்கு 720-க்குக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் 20 இலட்சத்திற்கு மேலிருந்து 9 இலட்சத்துச் சொச்சமாகக் குறைவதால் கார்டின் சுமை பாதிக்கும் கீழே போய்விடும், ஆனால் ப்ராசசரின் சுமை அப்படியேதான் இருக்கும். ஃப்ரேம் எண் எகிறினால் தடை கார்டில் இருக்கிறது. அசையாமல் நின்றால் ப்ராசசரில் இருக்கிறது. ப்ராசசரின் மொத்தப் பயன்பாடு 50 விழுக்காடுதானே என்று அதை விடுவித்துவிடக் கூடாது; ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஒன்று மட்டும் முழுச் சுமையில் திணறும்போதும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் தெரியும்.

இவனுடைய கணினியில் கதை நிறைந்த ஒரு புதிய கேமில் 44 ஃப்ரேம் 71 ஆனது. நண்பர்களோடு இவன் அன்றாடம் ஆடும் வெலோரன்டில் எண் அசையவே இல்லை. இரண்டு கேம்கள் இரண்டு பதில்களைச் சொல்லும்போது, எதை அதிக நேரம் ஆடுகிறோமோ அதன் பதிலையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

எனவே ப்ராசசர். மதர்போர்டையும் ரேமையும் மாற்றாமலேயே ரைசன் 5 5600-ஐ இதே துளையில் பொருத்தலாம். இவ்வகைப் போர்டுகளுக்கு, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் 2022-இல் அந்த வழியைத் திறந்துவிட்டது. 2017-இன் 1600-க்கும் 2022-இன் 5600-க்கும் 6 கோர், 65 வாட் என்ற எண்கள் ஒன்றேதான். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலை மிகவும் கூடியிருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசசர்களின் பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது.

பழைய பயாஸுக்குப் புதிய ப்ராசசரை அடையாளம் தெரியாது என்பதால், பயாஸைப் பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே முடங்கிவிடக்கூடும் என்பதால், பிற்பகல் இடிமழை தொடங்குவதற்கு வெகுமுன்பே, காலை எட்டு மணிக்கு அந்த வேலையை முடித்தோம்.

[காட்சி: பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபிள், நெருக்கத்தில்.]

கார்டு வாங்கும் நாள் வரும்போது, அதற்கு முன் இந்த லேபிளைப் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கிறது. கீழே 12 வோல்ட் வரிசையில் 20 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பெருக்கினால் 240 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த வரிசையிலிருந்துதான் உண்கின்றன. 1050 டிஐ கேட்பது 75 வாட் மட்டுமே என்பதால் இதுவரை சமாளித்தது. ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் கேட்கும், தனி மின்கம்பியும் கேட்கும். இந்த வெக்கையில் எட்டு ஆண்டுகள் வெந்த, மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்களிடம் அந்தச் சுமையை ஏற்றுவதற்கு எனக்கு மனம் இல்லை. பவர் சப்ளை கெட்டால் பக்கத்தில் இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். மீதமிருந்த பணத்தில் நல்ல பவர் சப்ளை ஒன்றை வாங்கினோம். இடி இடிக்கும்போது மின்கம்பியோடு இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை இவ்வகைப் பழைய போர்டில் போடாதீர்கள். கார்டுக்கும் ப்ராசசருக்கும் இடையே தகவல் போகும் பிசிஐஇ தடங்களில் நான்கை மட்டுமே அது பயன்படுத்துகிறது. அந்தக் கார்டு நான்காம் தலைமுறைத் தடங்களுக்கானது; பி350 தருவது மூன்றாம் தலைமுறை என்பதால் அந்த நான்கின் வேகமும் பாதியாகிவிடும். அதன் 4 ஜிகாபைட் நினைவகம் நிரம்பும்போது கேம் மீண்டும் தடுமாறும்.

கார்டுக்கான பணத்தை அவன் மறுபடியும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறான். தீபாவளிக்குள் சேர்ந்துவிடும் என்கிறான். இப்போது எந்தக் கார்டைப் பார்த்தாலும் எத்தனை தடங்கள், எத்தனை வாட் என்றுதான் முதலில் விசாரிக்கிறான்.