பெயர் சொல்லி எழுதும் வாழ்த்து

வணக்கம் நேயர்களே.

என் பாட்டி இறந்த பிறகு அவருடைய பைபிளைத் திறந்தபோது, சங்கீதப் பக்கங்களுக்கு நடுவே ஒரு பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை இருந்தது. முன்பக்கத்து நட்சத்திரம் மங்கிப்போயிருந்தது. மடிப்பு கிழியும் நிலையில் இருந்தது. உள்ளே ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு வரி வாழ்த்து. அதற்கு அடியில் நீல மையில் ஒரே வரி: ‘முழங்கால் வலி தேவலையா சித்தி? மாடிப்படி ஏறாதீர்கள்.’ பாட்டிக்கு ஆங்கிலம் படிக்க வராது. அந்த நீல மை வரிக்காகத்தான் அட்டையை அத்தனை வருடம் வைத்திருந்தார் என்று நான் நம்புகிறேன்.

குடும்பமாகச் சேர்ந்து கிறிஸ்துமஸ் அட்டை தயாரித்து அனுப்புவது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வருடா வருடம் நடக்கிற வேலை என்பதால் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டேன்.

அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே, எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத ஒருவருக்கு நேரம் போதாமல்தான். லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி இருந்தார். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பலாம் என்று வந்த சீர்திருத்தத்துக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தபால் மலிவானதும் கடிதங்கள் பெருகின. 1843இல் அவர் தன் நண்பரான ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி, அதை அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டவைத்தார். நடுவில் பெரியவர் முதல் குழந்தை வரை ஒரு குடும்பம். இரு பக்கமும், பசித்தவருக்குச் சோறும் உடையில்லாதவருக்கு உடையும் கொடுக்கும் காட்சிகள். எனக்குப் பிடித்தது அந்தப் படம்கூட இல்லை. மேலே பெறுகிறவர் பெயருக்கும் கீழே அனுப்புகிறவர் பெயருக்கும் இடம் காலியாக விட்டிருந்தார்கள். பெயரைக் கையால்தான் எழுத வேண்டும். முதல் அட்டையிலேயே அந்த இடம் இருந்தது.

சரி, நாம் வேலைக்கு வருவோம்.

படத்தை நவம்பர் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தி விறைப்பாக நிற்கும் படம் வேண்டும் என்பதில்லை. முகங்கள் தெளிவாக, ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தால் போதும். வயதானவர்கள் அட்டையை வாங்கியதும் முதலில் பார்ப்பது குழந்தைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை அப்படியே அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அதில் படம் சுருங்கிவிடும். எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பையே வாங்குங்கள். ஐந்துக்கு ஏழு அங்குல அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 1500க்கு 2100 புள்ளிகள் வேண்டும். வெட்டும்போது ஓரம் போகும் என்பதால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்வார்கள். ஒரு வருடம் அதை விடாமல் கொடுத்துவிட்டோம். ஓரத்தில் நின்ற தம்பி மகனின் தோள் பாதி போய்விட்டது. அவன் அதைப் பார்த்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

படமே இல்லாமல் வீட்டுக் குழந்தை வரைந்ததையும் போடலாம். 1949இல் ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யூனிசெஃப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டை, செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு ஏழு வயதுச் சிறுமி அதன் உதவிக்கு நன்றி சொல்லி வரைந்த ஓவியம்தான். குழந்தை வரைந்த நட்சத்திரம் கோணலாக இருந்தால் அதைத் திருத்தாதீர்கள்.

தமிழில் அச்சடிப்பவர்களுக்கு ஒன்று. சில டிசைன் மென்பொருள்களில் தமிழ் எழுத்துரு உடைந்துவிடும். கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய் நிற்கும். திரையில் பார்த்தது போதும் என்று விடாமல், ஒரு பிரதி மட்டும் அச்சடித்து வாங்கி, வீட்டில் இரண்டு பேர் உரக்கப் படித்துப் பாருங்கள்.

தாள் விஷயத்தில் நாங்கள் பட்டுத்தான் கற்றோம். பளபளப்பு அழகாக இருக்கிறதே என்று நாற்பது அட்டைகளை உள்ளும் புறமும் பளபளப்பாக அடித்துவிட்டோம். பேனா மை காயவே இல்லை. உறைக்குள் போட்டதும், எழுதியதெல்லாம் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொண்டது. வெளிப்பக்கம் எப்படியும் இருக்கட்டும், எழுதும் பக்கம் பளபளப்பில்லாத ‘மேட்’ தாளாகவே இருக்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) போன்ற கனமான தாள் என்றால், மடிக்கும் இடத்தில் முதலில் கோடு அழுத்தித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் மடிப்பில் வண்ணம் வெடித்து வெள்ளையாகத் தெரியும். சதுர உறை பார்க்க அழகுதான், ஆனால் அமெரிக்காவில் அதற்குக் கூடுதல் தபால் கட்டணம் உண்டு. நீள்சதுரமே நல்லது.

உள்ளே என்ன எழுதுவது? வருடத்தின் சாதனைகளையெல்லாம் அச்சடித்து ஒரு தாள் செருகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மதிப்பெண், பதவி உயர்வு, புது வீடு. எனக்கு இதில் உடன்பாடில்லை. வாசிக்கிறவர் வீட்டில் ஒரு பிள்ளை வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கலாம். நம்மைப் பற்றிச் சொல்வதைவிட அவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். எங்கள் முகவரிப் பட்டியலில் பெயருக்கு எதிரே இன்னொரு கட்டம் உண்டு. அத்தைக்கு அறுவை சிகிச்சை, மாமாவின் மகளுக்குத் தேர்வு என்று வருடம் முழுக்க அதில் குறித்து வைப்போம். டிசம்பரில் அதைப் பார்த்து, ஒரு மாலைக்கு எட்டு அட்டை வீதம் எழுதுவோம். அதற்கு மேல் எழுதினால் கை வலிக்கிறது, வார்த்தைகளும் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன.

அந்தப் பட்டியலை வருடா வருடம் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். கணினி போன வருடப் பெயர்களையே மறுபடி அச்சடித்துக் கொடுத்துவிடும். கணவரை இழந்த ஒரு வீட்டுக்கு, இருவர் பெயரும் சேர்ந்த உறை ஒன்று எங்களிடமிருந்து போய்விட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியில், ‘அவர் பெயரை எழுதிப் பார்த்து ரொம்ப நாளாச்சும்மா’ என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து உறைமீது எல்லா முகவரியையும் நானே கையால் எழுதுகிறேன்.

துக்க வீட்டுக்கு வாழ்த்து அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் வரும் அட்டை அந்த வீட்டுக்கு மட்டும் வராமல் போனால் அது இன்னும் வலிக்கும் என்பேன். சிரிக்கும் குடும்பப் படம் வேண்டாம். வெறும் அட்டையில், போனவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி நமக்கு நினைவிருக்கும் ஒன்றை எழுதுங்கள். பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அந்த வீட்டில் அவர் பெயர் ஒவ்வொரு நாளும் நினைக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பாட்டிக்கு நீல மையில் எழுதியவர் என் பெரியம்மா. அவருக்கு இப்போது கண்பார்வை குறைந்துவிட்டது. அவருடைய அட்டையில் மட்டும் தடித்த கறுப்புப் பேனாவால், ஒவ்வொரு எழுத்தையும் கட்டைவிரல் நகம் அளவுக்கு எழுதுகிறேன். அப்படி எழுதினால் அட்டையில் ஏழெட்டு வார்த்தைக்குத்தான் இடம் இருக்கிறது. இந்த வருடம் என்ன கேட்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.