புல் மலையில் ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம். ஊட்டி என்றால் படகுச் சவாரியும் வர்க்கியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். நான் பேச வந்தது அதற்கு மேற்கே, அவலாஞ்சி, முக்கூர்த்திப் பக்கம் இருக்கிற புல் மலைகளைப் பற்றி. கூட்டிக்கொண்டு போனால், "ஒரு மரம்கூட இல்லையே, இங்கே என்ன பார்க்க?" என்று கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

ஏறுவது பெரிய வித்தை இல்லை. 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நேராக ஏறாமல் சரிவில் குறுக்காகப் போங்கள். காய்ந்த புல் வழுக்கும், ஜாக்கிரதை.

ஒருமுறை இந்த மலைகளின் பழங்குடியான தோடர் பெரியவர் ஒருவர் கூட வந்தார். நான் உச்சியையே பார்த்து நடக்க, "கீழே பாத்து வாங்க" என்றார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லை இரண்டு கையாலும் விலக்கினார். அடியில் கன்னங்கரேலென்று மண். கட்டைவிரலால் அழுத்தினார், தண்ணீர் ஊறி வந்தது. மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்தது, கவனியுங்கள்! பக்கத்திலேயே விரல் உயரத்தில் ஒரு செடி, இலையெல்லாம் பசைத் துளி, அதில் ஒரு கொசு ஒட்டிக்கிடந்தது. பூச்சி தின்னும் செடி. பிறகு தங்கள் கோயில் கூரைக்கு வேய்கிற புல்லைப் பற்றி ஆரம்பித்தார். அது சதுப்பில்தான் வளருமாம், இப்போது தேடி அலைய வேண்டியிருக்கிறதாம். உச்சிக்குப் போகவே இல்லை, பேசிக்கொண்டே பொழுது போய்விட்டது.

மறுபடியும் சொல்கிறேன், அது வெறும் இடம் இல்லை. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது அந்தப் புல்லும் மண்ணும். பவானி ஆறு பிறப்பது இந்த மலைகளில்தான். ஈரோட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் வாய்க்கால் தண்ணீர்! மடிப்புகளில் சோலைக் காடு, சரிவுகளில் புல் என்பது பழைய ஏற்பாடு. மார்கழி உறைபனியில் திறந்த வெளி மரக்கன்று கருகிவிடும். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரம், அதாவது வாட்டில், பனிக்கு அசரவில்லை. வெள்ளைக்காரர்கள் விறகுக்கு நட்டார்கள், பிறகு தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று நாமும் நட்டோம். மலை மலையாகப் புல் போய்விட்டது. மரம் நடுவது எல்லா இடத்திலும் புண்ணியம் இல்லை ஐயா.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வரையாட்டைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், போகட்டும். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030. முக்கூர்த்திக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், கேட்காமல் கிளம்பிவிடாதீர்கள். வணக்கம்.