அந்தப் பொன் யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "கட்டடங்களைப் படம் பிடிக்க ஏற்றது வண்ணமா, கறுப்பு வெள்ளையா?" என்பது தலைப்பு. வண்ணமே என்று எதிரணித் தலைவர் பேசி முடித்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை, நானும்தான் தட்டினேன். மாலை வெயிலில் தஞ்சைப் பெரிய கோயில் பொன்னாய் மின்னுவதை அப்படி வர்ணித்தார். ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பொன் கோயிலுடையதா, சூரியனுடையதா? அதே நேரத்தில் எங்கள் தெரு முனைத் தண்ணீர் டேங்க்கூடப் பொன்னாய்த்தான் மின்னுகிறது ஐயா!

அடுத்து வந்தவர் மீனாட்சி அம்மன் கோயில் கோபுரத்தைக் கொண்டு வந்தார். சரி. அந்த வண்ணங்கள் ஒவ்வொரு குடமுழுக்குக்கும் புதிதாய்ப் பூசப்படுபவை. போன முறை இருந்த பச்சையா இந்த முறையும் இருக்கிறது? சுதை வேலை செய்த கைகளின் திறமை, புருவ வளைவிலும் இடுப்பு ஒசிவிலும் இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் பக்கவாட்டில் வெயில் விழும்போது கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பொம்மையும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் ஒரே சாம்பல் குழம்புதான், ஒப்புக்கொள்கிறேன். வண்ண வண்ண ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் உங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். சிவப்பும் பச்சையும் சாம்பலாய் மாறினால் ஒன்றுபோல் தெரிகிற ஆபத்து உண்டு. மறைக்கவில்லை.

ஆனால் மூன்றாமவர் ஒன்று சொன்னாரே, "அந்தக் காலத்தில் வழியில்லாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள், இப்போது எதற்கு?" என்று. அதை மட்டும் விட மாட்டேன்.

1936லேயே சாதாரண கேமராவில் போட்டு எடுக்கக் கோடாக்குரோம் வண்ணப் பிலிம் வந்தாயிற்று. 1949இல் பிரான்சின் மார்செய் நகரில் லெ கொர்புசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தார். லூசியன் ஹெர்வே என்ற புகைப்படக்காரர் அங்கே போய், ஒரே நாளில் 650 கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்து அனுப்பினார். பார்த்த லெ கொர்புசியே, கட்டடக் கலைஞனின் உள்ளம் உங்களுக்கு இருக்கிறது என்று சொல்லி, அவரைத் தன் புகைப்படக்காரராகவே வைத்துக்கொண்டார். 1965இல் லெ கொர்புசியே இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது. லெ கொர்புசியே வடிவமைத்த நம் சண்டிகருக்கும் ஹெர்வேதான் வந்து படமெடுத்தார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? லெ கொர்புசியே வண்ணப் பித்தர்! அந்த மார்செய் கட்டடத்தின் பால்கனிப் பக்கச் சுவர்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பூச வைத்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர் மனம் பறிகொடுத்தது கறுப்பு வெள்ளைப் படங்களிடம். கான்கிரீட்டின் சொரசொரப்பும், படிக்கட்டின் நிழல் சாய்ந்து விழும் கோணமும் அவற்றில்தானே அவருக்குத் தெரிந்தன!

சொந்த அனுபவம் ஒன்று. திருமலை நாயக்கர் மகாலில் தூண் வரிசையை எடுக்கப் போனேன். அரை மணி காத்திருந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் படம் முழுக்க ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி! தூணடியில் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனை பெரிய தூண்களையும் விட்டுவிட்டுக் கண் அந்த வாளிக்கே ஓடியது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். வாளி வாயை மூடிக்கொண்டது, தூண்கள் பேச ஆரம்பித்தன.

வானமும் அப்படித்தான். லென்ஸில் சிவப்பு ஃபில்டர் போட்டால் நீல ஒளி தடுக்கப்படும். வானம் கிட்டத்தட்டக் கறுத்து, வெள்ளைச் சுவர் வெட்டி எடுத்து வைத்தாற்போல் நிற்கும். இன்றைக்கு டிஜிட்டலில் நீலத்தை மட்டும் குறைத்தாலே போதும். பொய் வானம் என்பீர்கள். ஆமாம், பொய்தான். உங்கள் செல்போன் காட்டும் ஊதா வானம் மட்டும் அரிச்சந்திரனா?

மணி அடிக்கிறீர்கள் நடுவர் அவர்களே. இன்னும் ஒரு நிமிடம். எதிரணி தொடங்கிய அதே பெரிய கோயிலில் நான் முடித்துக்கொள்கிறேன். 1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் அங்கே வந்தார். அவருக்கு உண்மையிலேயே வண்ணம் கிடையாது. வானம் வெறும் வெளுப்பாய்த்தான் பதியும் என்பதால் நெகட்டிவில் கையாலேயே மேகம் தீட்டுவார் மனிதர். அவர் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாய் எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார்.

அந்தக் கல்வெட்டு எழுத்துக்கு என்ன நிறம், எதிரணி நண்பர்களே? கல்லும் எழுத்தும் ஒரே நிறம். எழுத்து என்பது உளி போன பள்ளம். அதில் நிழல் விழுந்தால் படிக்கலாம், விழாவிட்டால் வெறும் கல். உங்கள் பொன் வெளிச்சத்தில் அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்காட்டுங்கள், நான் அணி மாறி உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.