மிட்டாய்க் குவியலும் விளக்க அட்டையும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சமகாலக் கலை பொதுமக்களிடம் போய்ச் சேராததற்குக் காரணம் அந்தக் கலையின் புதிர்த்தன்மையா, அதைக் காட்சிக்கு வைக்கும் முறையா என்பது இன்றைய தலைப்பு. காட்சிக்கு வைக்கும் முறைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "மூலையில் மிட்டாயைக் கொட்டி வைத்துவிட்டு அதைக் கலை என்றால் சாதாரண மக்களுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கினார். ஆனால் அந்த மிட்டாயின் கதையைப் பாதியிலேயே விட்டுவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

அதைச் செய்தவர் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ் டோரஸ் என்ற அமெரிக்கக் கலைஞர். ஆண்டு 1991. வண்ணக் காகிதம் சுற்றிய மிட்டாய்கள், சுமார் 79 கிலோ. அவருடைய துணைவர் ராஸ் அந்த ஆண்டுதான் எய்ட்ஸ் நோயால் இறந்தார். ராஸ் நலமாக இருந்த காலத்து எடைதான் அந்த 79 கிலோ என்று பலரும் சொல்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மிட்டாய் எடுத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்கக் குவியல் இளைக்கிறது. அப்புறம் மறுபடியும் நிரப்புகிறார்கள். நடுவர் அவர்களே, நோயாளியின் கட்டிலருகே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த எவருக்கும் இது புரியும். பட்டப்படிப்பு வேண்டாம். ஆனால் ராஸ் யார் என்பதை யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

2022இல் சிகாகோ கலை நிறுவனம் என்ற அருங்காட்சியகத்தில் இந்தப் படைப்பின் விளக்க அட்டையை மாற்றி எழுதினார்கள். புதிய அட்டையின் விளக்கத்தில் ராஸ் யார் என்பதும் இல்லை, எய்ட்ஸும் இல்லை. பார்வையாளர்கள் கொதித்துப் போய்க் கேட்டார்கள், அட்டை திருத்தப்பட்டது. மக்களுக்கு இந்தக் கலையில் அக்கறையே கிடையாது என்ற எதிரணியினர், ஓர் அட்டைக்காகச் சண்டை போட்ட இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

"புரிகிற மாதிரி ஒரு சிலை வைத்துவிட்டுப் போகலாமே" என்றும் சொன்னார்கள். இதையேதான் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவகம் கட்டும்போதும் சொன்னார்கள். மாயா லின்னின் வடிவமைப்பு 1981இல் தேர்வானபோது அவர் 21 வயது மாணவி. மண்ணுக்குள் இறங்குகிற கறுப்புக் கிரானைட் சுவர், அதில் இறந்தவர்களின் பெயர்கள், அவ்வளவுதான். எதிர்ப்பு வலுத்ததால் பக்கத்தில் மூன்று வீரர்களின் சிலையையும் பிறகு வைத்தார்கள். ஆனால் மக்கள் கடிதமும் பூவும் வைப்பது அந்தச் சுவரின் அடியில். மகனின் பெயர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே நுழைவுச்சீட்டு இல்லை, கதவு இல்லை, தொடாதே என்று சொல்ல ஆளும் இல்லை.

சரி, எல்லாப் படைப்பும் உயர்ந்த படைப்பு என்று நான் சொல்லவில்லை. வெறுமையான வேலைகளும் இருக்கின்றன. அதை மக்களே சொல்லட்டும். உள்ளே வந்தால்தானே சொல்ல முடியும்? வேலைக்குப் போகிறவர் வேலையில் இருக்கும் நேரத்தில் மட்டும் கண்காட்சியைத் திறந்து வைத்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று வருந்துவது எப்படி நியாயம்?

ஒரு நூலகக் கூடத்தில் உள்ளூர்க் கலைஞர்களின் கண்காட்சி நடந்தபோது நான் தன்னார்வலராக இருந்தேன். சாலையை அகலப்படுத்த இடித்த வீடுகளின் கதவுகளிலிருந்து கைப்பிடிகளை, சுற்றியுள்ள பலகைத் துண்டோடு அறுத்தெடுத்துச் சுவர் முழுக்கப் பொருத்தியிருந்தார் ஒரு கலைஞர். பக்கத்தில் இருந்த அட்டை இப்படிச் சொன்னது: "இருப்புக்கும் இன்மைக்கும் இடையிலான வெளியை விசாரணைக்கு உட்படுத்தும் நிறுவல்." வந்தவர்கள் அதைப் படித்தார்கள், நகர்ந்தார்கள்.

கூடத்தைப் பெருக்க வரும் அம்மா ஒருவர், மூன்றாம் நாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதெல்லாம் யார் வீட்டுக் கதவு?" சொன்னேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். "இந்த வீட்டில் சின்னப் பிள்ளை இருந்திருக்கு" என்றார். எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கைப்பிடிக்குக் கீழே, பலகையில் ஒரு சாண் அளவுக்குப் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. "எட்டாமல் எம்பி எம்பிப் பிடிச்சிருக்கு பாருங்க."

மூன்று நாளாக அந்தச் சுவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணில் அது படவே இல்லை.

அன்று மாலை கலைஞரிடம் சொன்னேன். அவர் அந்த அட்டையைக் கழற்றிவிட்டு, கையாலேயே இரண்டு வரி எழுதி ஒட்டினார்: "சாலைக்காக இடித்த வீடுகளின் கைப்பிடிகள் இவை. தொட்டுப் பார்க்கலாம்." மறுநாளிலிருந்து அந்தச் சுவருக்கு முன்னால் ஆள் நிற்காத நேரமே இல்லை. கைப்பிடிகளில் ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை, நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.