சிறு தீயும் பெரிய துண்டுகளும்: மெக்சிகோ வீட்டு மாட்டிறைச்சி சூப்

நேயர்களுக்கு வணக்கம்.

மெக்சிகோ சமையல் என்றதும் நம்மில் பலருக்கும் மிளகாயும் டாக்கோவும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த நாட்டு வீடுகளில் விடுமுறை நாளன்று அடுப்பில் ஏறும் பெரிய பானையைப் பற்றி இங்கே அதிகம் பேசிக் கேட்டதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கால்தோ தே ரெஸ் என்று அதற்குப் பெயர். எலும்போடு கூடிய மாட்டிறைச்சியை நெடுநேரம் வேகவைத்து, காய்கறிகளைப் பெரிது பெரிதாக வெட்டிப் போட்டு இறக்கும் சூப். பெரும்பாலான வீடுகளில் பானைக்குள் மிளகாய் போடுவதே இல்லை. மிளகாய்க்கு வேறு இடம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை நிமித்தமாகக் குவாதலஹாரா நகரில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். எங்களுக்குக் கீழ்வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். பேரன் பேத்தி எடுத்தவர். இந்தச் சூப்பை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அங்கே பெரிய சாப்பாடு என்பது பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான். அந்த அம்மாளோ காலை பத்து மணிக்கே பானையை ஏற்றிவிடுவார். ஏன் அவ்வளவு நேரம் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த விஷயமே.

முதலில் இறைச்சி. மெக்சிகோ கறிக்கடையில் சாம்பரேத்தே என்று கேட்க வேண்டும். மாட்டின் கால்கறி. நடுவில் எலும்பும் சுற்றிலும் சதையுமாக இருக்கும்படி ரம்பத்தால் குறுக்கே அறுத்துத் தருவார்கள். படம் வரைந்து காட்ட வானொலியில் வழியில்லை. நல்லி எலும்போடு கால்கறியைக் குறுக்காக வெட்டிக் கொடுங்கள் என்றால் எந்தக் கறிக்கடையிலும் புரிந்துகொள்வார்கள். மெத்தென்ற தொடைக்கறி இதற்கு ஆகாது. நாள் முழுவதும் நடந்த கால் இது. அதனால் சதைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நார் ஓடும். அந்த நார்தான் நமக்கு வேண்டும். சூட்டில் அது மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாகச் சாற்றில் இறங்குகிறது. ஆட்டுக்கால் சூப் குடித்த பிறகு உதடு லேசாக ஒட்டுமே, அதே சங்கதிதான் இங்கேயும். நார் கரைவதற்குக் கடும் சூடு தேவையில்லை. நேரம்தான் தேவை. அவசரப்பட்டால் சதை விறைத்துக்கொள்ளும், நார் நாராகவே நிற்கும்.

ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ கால்கறி, கூடவே அரைக் கிலோ நல்லி எலும்பு, நான்கு லிட்டர் தண்ணீர். ரம்பத்தால் அறுத்த எலும்பில் மாவு போல எலும்புத்தூள் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்கட்டும். கறியைப் போட்டு அடுப்பில் வையுங்கள். சூடு ஏற ஏறச் சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு மேலே வரும். முதல் இருபது நிமிடம் அடுப்படியை விட்டு நகராமல் அந்த நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை வெளுத்து, வருவது குறைந்த பிறகுதான் உப்பு, பாதியாக வெட்டிய பெரிய வெங்காயம், ஒரு முழுப்பூண்டு, இரண்டு பிரிஞ்சி இலை. மசாலா என்று பார்த்தால் அவ்வளவுதான். பட்டை இல்லை, கிராம்பு இல்லை, மிளகு போடுகிறவர்கள்கூடச் சில மணிகள்தான் போடுவார்கள்.

இப்போது தீயைக் குறைத்துவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாறு தளதளவென்று கொதிக்கக் கூடாது. மேற்பரப்பில் இங்கே ஒரு குமிழி, சற்றுப் பொறுத்து அங்கே ஒரு குமிழி, அவ்வளவு போதும். பானை குமுறிக் கொதித்தால் மேலே மிதக்கும் கொழுப்பு உடைந்து பொடிப்பொடித் துளிகளாகச் சாற்றோடு கலந்துவிடும். பிறகு வடிகட்டினாலும் தெளியாது. நிறமும் கலங்கல், குடிக்கும்போதும் நாக்கில் பிசுபிசுப்பு. சிறு தீயில் வெந்த சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள், அடியில் கிடக்கும் காரட் துண்டு கண்ணுக்குத் தெரியும். அந்தத் தெளிவுக்காகத்தான் இத்தனை பாடும்.

எவ்வளவு நேரம் என்றால், குவாதலஹாராவில் இரண்டரை மணி நேரம். மெக்சிகோ நகரத்தில் இன்னும் கூடுதல். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று ஊட்டியில் சமைப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் மெக்சிகோ நகரத்தில் பலர் பிரஷர் குக்கரில் வைக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு விசிலுக்கும் குக்கருக்குள் சாறு குமுறி எழுகிறது, கலங்குகிறது. நேரமே இல்லை என்பவர்கள் கறியை மட்டும் குக்கரில் வேகவைத்துக்கொள்ளுங்கள். காய்கறியைத் தயவுசெய்து குக்கரில் போடாதீர்கள்.

காய்கறிக்கு வந்துவிட்டோம். மெக்சிகோவில் வாரச்சந்தைக்குப் போனால் இந்தச் சூப்புக்கென்றே காய்களை வெட்டிப் பையில் போட்டு விற்பார்கள். கீழ்வீட்டு அம்மாள் அதை வாங்க மாட்டார். துண்டு சிறிதாக இருக்கிறது என்பது அவருடைய குறை. அவர் சொல்வது நியாயம்தான். மக்காச்சோளக் கதிரை மூன்று துண்டு, முட்டைகோஸை நடுத்தண்டு விடாமல் ஆப்பு வடிவத்தில், உருளைக்கிழங்கு இரண்டு பாதி, காரட்டுக்கு மூன்று துண்டு. தண்டை நீக்கிவிட்டால் கோஸ் இதழ் இதழாகப் பிரிந்து பானை முழுவதும் அலையும். சிறிய துண்டுகள் கரைந்து சாற்றைக் கலக்கும். சாறு தெளிவாக இருக்க வேண்டும் என்றேன் அல்லவா, பெரிய துண்டுகளும் அதற்காகத்தான்.

முதலில் மக்காச்சோளம். மெக்சிகோவின் வெள்ளைச் சோளக்கதிர் மாவுச்சத்து மிகுந்தது, இனிப்புக் குறைவு. அதனால் ஸ்வீட் கார்ன் இதற்குப் பொருந்தாது, சூப்பே இனித்துவிடும். நம் தெருவோரங்களில் கரி அடுப்பில் சுட்டு விற்கிறார்களே, அந்த நாட்டு மக்காச்சோளம்தான் சரியானது. அது வேக அரை மணிக்கு மேல் ஆகும். பிறகு காரட், உருளைக்கிழங்கு. அடுத்துக் கோஸும் சௌசௌவும். கடைசிப் பத்து நிமிடத்தில் பீன்ஸ், சுக்கினி. சுக்கினி கிடைக்காவிட்டால் பிஞ்சுச் சுரைக்காய் போடலாம்.

சௌசௌவைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். நாம் கூட்டுக்கும் சாம்பாருக்கும் நறுக்குகிற இந்தக் காய் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில் பிறந்தது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கே பயிரிட்டார்கள். மேலெல்லாம் முள்ளாக, முள்ளம்பன்றியைப் போல ஒரு வகை உண்டு. சந்தையில் எனக்கு அதன் மேல்தான் கண் போகும், அதற்கு மாவுத்தன்மை அதிகம். கொடியின் அடிக்கிழங்கையும் சாப்பிடுகிறார்கள். நம் வீடுகளில் காயை இரண்டாக அரிந்ததும் நடுவில் இருக்கும் தட்டையான விதையைத் தோண்டி எறிந்துவிடுகிறோம். அங்கே அதை எறிய மாட்டார்கள். தோலோடு, விதையோடு இரண்டாகப் பிளந்து அப்படியே பானையில் போடுவார்கள். வெந்த விதை வெண்ணெய் போல மெத்தென்று, லேசான பருப்பு மணத்தோடு இருக்கும். எந்தக் கிண்ணத்தில் விதை இருக்கிறது என்று பெரியவர்களே எட்டிப் பார்ப்பார்கள். அடுத்த முறை சௌசௌ வாங்கும்போது விதையை ஒதுக்கி வைத்து, உப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இதற்கு மாட்டிறைச்சி சாப்பிடுகிறவராக இருக்க வேண்டியதில்லை.

இந்த ஒரு பானையில் இரண்டு கண்டங்கள் சேர்ந்திருக்கின்றன. சோளம், சௌசௌ, பீன்ஸ், சுக்கினி எல்லாம் அந்த மண்ணுடையவை. மாடு அங்கே இல்லை. 1521-ல் ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்ததை ஒட்டித்தான் மாடு கப்பலேறி வந்தது. கோஸ், காரட், வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, பக்கத்தில் வைக்கும் அரிசிச் சோறு, இவையும் வெளியிலிருந்து வந்தவை. ஸ்பெயினில் கொசீதோ என்று இறைச்சியும் கொண்டைக்கடலையும் கோஸும் சேர்த்து வேகவைக்கும் பழைய உணவு ஒன்று உண்டு. அந்த முறை புது மண்ணில் கிடைத்த காய்களோடு சேர்ந்துகொண்டது. மெக்சிகோவின் வடமேற்கே சொனோரா மாநிலத்தில் இன்றும் இந்தச் சூப்பில் கொண்டைக்கடலை போடுகிறார்கள், அதைக் கொசீதோ என்றே அழைக்கிறார்கள்.

இனி சாப்பாட்டு மேசை. இந்தச் சூப்பில் பாதி வேலை மேசையில்தான் நடக்கிறது. பொடியாக நறுக்கிய வெங்காயம், பொடியாக நறுக்கிய கொத்தமல்லி, செர்ரானோ பச்சை மிளகாய், பாதியாக வெட்டிய எலுமிச்சை, ஒவ்வொன்றும் ஒரு சிறு தட்டில். தக்காளி சேர்த்துச் சமைத்த சிவப்புச் சோறு ஒரு பாத்திரத்தில். துணியில் சுற்றிய சூடான டார்ட்டியா, அதாவது மெல்லிய சோள ரொட்டி. ஒவ்வொருவரும் தன் கிண்ணத்தில் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்வார்கள். மிளகாயின் இடம் இதுதான். குழந்தைக்குக் காரம் வேண்டாம், தாத்தாவுக்கு நிறைய வேண்டும். ஒரே பானையில் இருவருக்கும் சாப்பாடு ஆகிவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக்கு விருந்தாளியாக வந்த உறவுக்காரர் ஒருவர், உதவி செய்கிற எண்ணத்தில் இரண்டு மூன்று எலுமிச்சையைப் பானைக்குள்ளேயே பிழியப் போனார். அந்த அம்மாள் அதட்டவில்லை. வந்தவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மகனே, பானை எல்லோருக்கும், கிண்ணம்தான் உனக்கு" என்றார். பிறகு என்னிடம் காரணத்தை விளக்கினார். பானையில் புளிப்பு இறங்கினால் பீன்ஸின் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். மறுபடி சூடு பண்ணினால் எலுமிச்சை கசக்கும். கொத்தமல்லியும் அப்படித்தான், கொதிக்கிற பானையில் மணம் போய் இலை கறுத்துவிடும். கிண்ணத்தில் விழுந்த கொத்தமல்லிக்குத்தான் மணம். அன்று அந்த உறவுக்காரர் தன் கிண்ணத்தில் எலுமிச்சையைப் பிழிந்தபோது அவரே தலையாட்டிக்கொண்டார். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது.

அதே மேசையில் இன்னொன்றும் பார்த்தேன். நல்லி எலும்பை அந்த அம்மாள் துணியால் பிடித்து, தட்டில் விரித்த டார்ட்டியாவுக்கு மேலே நிறுத்தி, மறுகையால் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே இருக்கும் மஜ்ஜை நடுங்கிக்கொண்டே முழுசாக வழுக்கி விழும். ஒரு சிட்டிகைக் கல்லுப்பு, இரண்டு சொட்டு எலுமிச்சை, ஒரு வளையம் மிளகாய். சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் கொழுப்பு இறுகிவிடும். முதல் டார்ட்டியா எப்போதும் பேத்திக்குத்தான்.

அந்த டார்ட்டியாவைப் பற்றியும், சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து அரைக்கும் முறையைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறித்துவைத்திருந்தேன். 2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது முதன்மையாகக் குறிப்பிட்டவற்றில் அந்த முறையும் ஒன்று. கண்ணாடிக்கு அப்பால் இருந்து நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது. ஆகவே சுருக்கமாக மூன்று நான்கு விஷயம்.

காரமான சாறுதான் வேண்டும் என்பவர்களுக்கு மெக்சிகோவின் நடுப்பகுதியில் மோலே தே ஓயா இருக்கிறது. இதே கால்கறி, ஏறக்குறைய இதே காய்கள். காய்ந்த ஆன்சோ, குவாஹீயோ மிளகாய்களை வாட்டி ஊறவைத்து அரைத்து ஊற்றுவார்கள். புளிப்புக்குச் சப்பாத்திக்கள்ளிப் பழ வகை ஒன்று சேரும். எபசோத்தே என்ற கீரை மணத்துக்கு. தனியாக ஒரு நாள் பேச வேண்டிய உணவு அது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழியில் செய்யலாம். மெக்சிகோவிலேயே கால்தோ தே போயோ அன்றாட உணவு. நாட்டுக்கோழி என்றால் ஒன்றரை மணி நேரம் சிறு தீயில்.

சாறு மீந்தால் காய்களை உடனே தனியே எடுத்துவிடுங்கள், ஊறிக் குழைந்துவிடும். சாற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் காலையில் கொழுப்பு மேலே தகடாக உறைந்திருக்கும், எடுத்துவிடலாம். அடியில் சாறு கட்டியாகத் தளும்பினால் கால்கறி நன்றாக வெந்திருக்கிறது என்று அர்த்தம். மீந்த கறியை நார் நாராகப் பிய்த்து, வெங்காயம், எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லி சேர்த்துக் குளிர்ச்சியாகச் சாப்பிடுவதற்கு அங்கே சல்பிகோன் என்று பெயர், மறுநாள் மதியத்துக்கு அது போதும். இன்னொரு முறையும் சொல்லிவிடுகிறேன், தீயைக் கூட்டாதீர்கள். வணக்கம்.