மெமரிஸ்டர் மாதிரிகள்: வளையம் வந்தால் போதுமா?

வணக்கம் நேயர்களே. மெமரிஸ்டர் என்பது, தன் வழியாகப் போன மின்சாரத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றிக்கொண்டு, கரண்ட் நின்ற பிறகும் அதே தடையிலேயே இருக்கிற குட்டிச் சாதனம். இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1971-இல் மின்சுற்று ஆய்வாளர் லியான் சுவா எழுதினார். 2008-இல் ஹெச்.பி. ஆய்வகத்தினர் டைட்டானியம் டை ஆக்சைடில் செய்துவிட்டதாக அறிவித்தார்கள். அதுதான் சுவா சொன்னதா என்று பிறகு சண்டை வந்தது, அதை விடுங்கள்.

சாதனத்தோடு ஒரு கணக்கு மாதிரியும் கொடுத்தார்கள். படலத்தின் ஒரு பக்கம் ஆக்சிஜன் குறைவு, அங்கே தடையும் குறைவு. மறுபக்கம் தடை அதிகம். கரண்ட் பாயப் பாய நடுவில் உள்ள எல்லை நகர்கிறது, கரண்ட் இரட்டித்தால் நகரும் வேகமும் இரட்டிக்கிறது, அவ்வளவுதான். சிமுலேஷனில் ஓட்டி, மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது கரண்ட் எப்படி மாறுகிறது என்று வரைந்தால், பூஜ்யத்தில் இடுங்கிய எட்டு வடிவ வளையம் அழகாக வரும். அதைப் பார்த்ததும் மாதிரி சரி என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள்.

மெமரிஸ்டரின் தடையையே 0, 1 என்று வைத்துக்கொள்ளும் நினைவகத்துக்கு அது போதாது என்பதுதான் என் கட்சி. ஒரு பிட்டை 2 வோல்ட்டில் 10 நானோ நொடியில் எழுதுகிறோம், 0.2 வோல்ட்டில் படிக்கிறோம் என்று வையுங்கள். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு என்றால், இந்த மாதிரியில் வேகமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆக, 100 நானோ நொடி படித்தாலே, எழுதாமல் விட்ட பிட்டும் எழுதப்பட்டுவிடும்! நமக்கு வேண்டியதோ பத்து ஆண்டு தாங்கும் நினைவகம். பத்து ஆண்டை 10 நானோ நொடியால் வகுத்துப் பாருங்கள், 3-க்குப் பின்னால் 16 பூஜ்யம் வரும். அழுத்தத்தில் பத்து மடங்கு வித்தியாசம், வேகத்தில் இத்தனை மடங்கு வித்தியாசத்தைக் காட்டியாக வேண்டும்.

நிஜச் சாதனத்தில் இவ்வளவு பெரிய வேக வித்தியாசம் வரத்தான் செய்கிறது. எல்லையை நகர்த்துகிற அயனிகள் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவ ஒரு ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். மின்புலம் அதைத் தணிக்கிறது, கரண்டால் எழும் சூடு இன்னும் தள்ளிவிடுகிறது, இரண்டும் சேர்ந்தால் வேகம் அடுக்குக்குறி விகிதத்தில் எகிறும். அதனால்தான் 2015-இல் வந்த வீடீம் (VTEAM) என்ற கணக்கு மாதிரி, ஒரு வாசல் அழுத்தத்துக்குக் கீழே எதுவுமே நகராது என்று வைத்துக்கொள்கிறது. இயற்பியல்படி அது கொஞ்சம் முரட்டுத்தனம், ஆனால் பெரிய சர்க்யூட்டை வேகமாக ஓட்டிப் பார்க்க வசதி.

அப்புறம், ஒரே சாதனம் ஒவ்வொரு முறை எழுதும்போதும் கொஞ்சம் வேறு தடையில் போய் நிற்கும். மெமரிஸ்டர் செய்யப் பயன்படும் இன்னொரு பொருளான ஹாஃப்னியம் ஆக்சைடில் உருவாகும் மெல்லிய கடத்தும் இழை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அறுந்து, ஒரே மாதிரி சேருவதில்லை. இந்தத் தற்செயலைச் சேர்க்காத மாதிரியில் எந்தச் சிப்பும் பாஸாகிவிடும். ஆகவே யாராவது புது மாதிரி காட்டினால், நான் வளையத்தைக் கேட்பதில்லை. படிக்கும் அழுத்தத்தைக் கொடுத்து நீண்ட நேரம் ஓட்டிக் காட்டுங்கள் என்றுதான் கேட்பேன்.