பட்டியல் நீண்டால் பலன் வருமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பாலஸ்தீனர்களுக்கு ஆதரவான பொருள் புறக்கணிப்பு வெல்ல வேண்டுமானால் புறக்கணிக்கும் நிறுவனங்களின் பட்டியல் நீள வேண்டுமா, குறி சுருங்க வேண்டுமா என்பது தலைப்பு. குறி சுருங்க வேண்டும் என்ற அணியில் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "காசாவில் பிள்ளைகள் சாகும்போது எந்தக் கம்பெனி அதிகத் தப்பு செய்தது, எது கொஞ்சம் செய்தது என்று கணக்குப் பார்ப்பதா?" அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அது வீணாகப் போகக் கூடாது என்றுதான் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன்.

2005-இல் 170-க்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் சேர்ந்து விடுத்த அழைப்பில் பிறந்தது பி.டி.எஸ். இயக்கம்; புறக்கணிப்பு, முதலீட்டைத் திரும்பப் பெறுதல், தடை என்ற மூன்றின் ஆங்கிலச் சுருக்கம் அது. அந்த இயக்கமே என்ன சொல்கிறது? சில நிறுவனங்களை மட்டும் பிடியுங்கள். ஒடுக்குமுறையில் அவற்றின் பங்குக்கு ஆதாரம் இருக்கட்டும். ஜெயிக்க வாய்ப்பும் இருக்கட்டும். அடிபடுகிறவர்களே வழி சொன்ன பிறகு, வாட்ஸ்அப்பில் வரும் நூறு சின்னங்கள் போட்ட படத்தை நாம் ஏன் நம்பி அலைய வேண்டும்?

வீட்டில் சோடா தயாரிக்கும் கருவி விற்கும் இஸ்ரேலிய நிறுவனமான சோடாஸ்ட்ரீமைப் பாருங்கள். இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில், இஸ்ரேலியக் குடியேற்றத்தை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஆலை நடத்தியது. குற்றம் எங்கே என்று யாரும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். எதிர்ப்பு வலுத்தது, 2015-இல் அந்த ஆலை மூடப்பட்டது. வியாபாரக் காரணம் என்றது நிறுவனம். சொல்லட்டும், ஆலை போனது போனதுதான். இஸ்ரேலியச் சிறைகளுக்குப் பாதுகாப்புக் கருவிகள் கொடுத்த ஜி4எஸ் நிறுவனமும், பல ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு தன் இஸ்ரேல் கிளையை விற்றது.

இப்போது அமெரிக்கக் காபிக் கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸுக்கு வருவோம். 2003-லேயே இஸ்ரேலில் கடைகளை மூடிவிட்டது. 2023 அக்டோபரில் பாலஸ்தீன ஆதரவுப் பதிவு போட்ட தன் ஊழியர்களின் தொழிற்சங்கத்தோடு நிர்வாகம் வழக்குக்குப் போனது. அதிலிருந்துதான் புறக்கணிப்பு பற்றிக்கொண்டது. தொழிலாளிக்காகக் கோபப்பட்டது நியாயமே. ஆனால் அடி எங்கே விழுந்தது? மேற்காசியாவில் அந்தக் கடைகளை நடத்தும் குவைத் நிறுவனமான அல்ஷாயா, 2024 மார்ச்சில் சுமார் 2,000 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அவர்களில் யார் காசாவின் மீது குண்டு போட்டார்?

அடுத்து, 729 என்று பார்கோடு தொடங்கினால் தொடாதே என்கிறார்கள். அந்த எண், நிறுவனம் இஸ்ரேலில் பதிவானது என்று மட்டும்தான் காட்டும். பொருள் எங்கே விளைந்தது என்பதைக் காட்டாது. நோன்பு மாதத்தில் கடையில் மெட்ஜூல் பேரீச்சைப் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மேற்குக் கரையின் ஜோர்தான் பள்ளத்தாக்கில் பாலஸ்தீனர்களிடமிருந்து பறித்த நிலத்தில் இஸ்ரேலியக் குடியேறிகள் விளைவித்த பழமும் வேறு நாட்டில் பெட்டி கட்டப்பட்டால் வேறு எண்ணோடு வரலாம். அதே மெட்ஜூலை அங்கேயே உள்ள எரிகோ ஊரில் பாலஸ்தீன விவசாயியும் விளைவிக்கிறார். அவசரத்தில் "மெட்ஜூலே வேண்டாம்" என்று நகர்ந்தால், யாருக்காகப் புறக்கணிக்கிறோமோ அவர் பழத்தையே அலமாரியில் விட்டுவிட்டு வருகிறோம். விளைந்த இடம், பொதி கட்டியவர் பெயர் இரண்டையும் படிக்க அரை நிமிடம் போதும். நூறு பெயர் வைத்திருப்பவருக்கு அந்த அரை நிமிடம் கிடைக்காது.

நடுவர் அவர்களே, எதிரணிக்கு ஒரு கேள்வி. உங்கள் பட்டியலில் இருக்கும் ஒரு நிறுவனம் நாளைக்கே வந்து, "நாங்கள் எதை நிறுத்தினால் நீங்கள் மறுபடி வாங்குவீர்கள்?" என்று கேட்டால், அந்த நூறில் எத்தனை பேருக்கு உங்களிடம் பதில் இருக்கிறது? அடுத்துப் பேச வருபவர் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.